சென்னை ஜி.பி.ஓ. கட்டடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நண்பர்களை அழைத்துக்கொண்டு ஜார்ஜ் டவுன் தெருக்களில் நடப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். ராஜாஜி சாலையில் ஜி.பி.ஓ. (General Post Office, சென்னையின் தலைமைத் தபால் நிலையம்) என்ற அந்தச் சிவப்புக் கட்டடத்துக்கு முன்னால் வந்ததும் நடை தானாக நிற்கும், கேள்விகள் ஆரம்பிக்கும். திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கட்டடம் எங்கே இருக்கிறது?

ராஜாஜி சாலையின் மேற்குப் பக்கம், கடற்கரை ரயில் நிலையத்துக்கு ஏறக்குறைய எதிரே. பாரிமுனையிலிருந்து வடக்கே நடந்தால் சில நிமிடங்கள்தான். அந்தச் சாலைக்குப் பழைய பெயர் வடக்குக் கடற்கரைச் சாலை. வெள்ளைக்கார வியாபாரிகள் 'ஃபர்ஸ்ட் லைன் பீச்' என்றார்கள்.

யார் வடிவமைத்தது? எப்போது கட்டினார்கள்?

ராபர்ட் ஃபெல்லோஸ் சிஷோம். மதராஸ் அரசாங்கத்தின் ஆலோசகக் கட்டடக் கலைஞர். 1874-ல் வேலை தொடங்கி, 1884-ல் தபால் நிலையம் இங்கே குடிவந்தது.

சிஷோமின் கையை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். மாநிலக் கல்லூரி அவருடையது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் அவருடையது. சென்ட்ரல் ரயில் நிலையத்தின் பக்கத்தில் இருக்கும் விக்டோரியா பப்ளிக் ஹாலும், திருவனந்தபுரத்தின் நேப்பியர் மியூசியமும் அவர் வரைந்தவைதான். செனட் ஹவுஸும் ஜி.பி.ஓ.வும் ஒரே வருடத்தில், 1874-ல், தொடங்கிய வேலைகள். ஒரே மனிதர் ஒரே சமயத்தில் இவ்வளவு வேறுபட்ட இரண்டு கட்டடங்களை யோசித்திருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். செனட் ஹவுஸ் பட்டமளிப்புக்கானது. அதற்கு வண்ணமும் குமிழ் மாடமும் பொருந்தும். ஜி.பி.ஓ. அப்படியில்லை. நாள் முழுக்க மூட்டை தூக்கும் வேலை நடக்கும் இடம். அலங்காரத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கட்டடம் எவ்வளவு பெரியது?

352 அடி நீளம், 162 அடி அகலம், மூன்று தளங்கள். இரட்டைக் கோபுரங்களின் உயரம் 125 அடி. 352 அடி என்பதை எழுத்தில் படித்தால் ஒன்றும் தோன்றாது. கட்டடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடைபாதையில் நடந்து பாருங்கள். சாதாரண நடையில் நூற்று நாற்பது காலடி எடுத்து வைக்க வேண்டியிருக்கும்.

பார்த்தால் கோவிலா, மசூதியா, கோட்டையா என்று புரியவில்லை. இது என்ன பாணி?

புத்தகங்களில் 'இந்தோ சாரசெனிக்' என்று போட்டிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் ஆங்கிலேய அரசு தன் கட்டடங்களுக்கு இந்திய முகம் வேண்டும் என்று நினைத்தபோது பிறந்த கலவை அது. உள்ளே ஐரோப்பிய அலுவலகத்தின் அறை அமைப்பு, வெளியே முகலாய, தக்காண, தென்னிந்திய வளைவுகளும் மாடங்களும். 1866 முதல் 1872 வரை மதராஸ் கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு இந்தப் போக்கின் பெரிய ஆதரவாளர். அவருடைய ஆதரவில்தான் சிஷோமின் பெயர் வளர்ந்தது.

ஆனால் அந்தப் பட்டத்தோடு நின்றுவிட்டால் இந்தக் கட்டடத்தின் முக்கியமான விஷயம் நழுவிவிடும். சிஷோம் கேரளத்து மரக்கூரைகளில் மனம் கொடுத்தவர். மழை நிறைய பெய்யும் ஊரில், செங்குத்தாகச் சரியும் கூரை, முகப்பில் முக்கோண மாடம், அகன்ற இறவாரம் என்று தச்சர்கள் தலைமுறை தலைமுறையாகச் செம்மைப்படுத்திய வடிவம் அது. நேப்பியர் மியூசியத்தில் அதை முழுமையாகப் பார்க்கலாம். அந்தத் திருவிதாங்கூர் சாயலை அவர் மதராஸ் கடற்கரைக்கும் கொண்டுவந்தார். தாஜ்மகாலின் குமிழையும் டெல்லியின் மினாரையும் எடுத்து ஒட்டுவது அன்று எளிதான வழி. தெற்கிலேயே ஒரு வடிவம் இருக்கிறது, அது அரசாங்கக் கட்டடத்தின் தலையில் ஏறத் தகுதியானது என்று ஒருவர் நம்பியது எளிதில் நடக்கிற காரியமில்லை. இந்தோ சாரசெனிக் கட்டடங்கள் எல்லாமே வெள்ளைக்காரர்களின் வேஷம் என்று ஒதுக்குபவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்: ஜி.பி.ஓ.வை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குச் சொந்தமாக 'அஞ்சல்' என்ற பெயரிலேயே தபால் சேவை இருந்தது. 1951-ல்தான் அது இந்தியத் தபால் துறையோடு சேர்ந்தது.

இதற்கு முன் மதராஸில் தபால் எப்படி நடந்தது?

1712-ல் கவர்னர் எட்வர்ட் ஹாரிசன் காலத்தில் வங்காளத்துக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடிதங்களைக் கொண்டுபோக ஓட்டக்காரர்கள் ஏற்பாடானார்கள். கம்பெனி அலுவலுக்குத்தான் அது. ஊர் மக்களுக்கும் பயன்படும்படி ஒரு பொதுத் தபால் நிலையம் 1786-ல், ஆர்ச்சிபால்ட் கேம்பெல் கவர்னராக இருந்தபோது, புனித ஜார்ஜ் கோட்டைக்குள் வந்தது.

ஆக, ஜி.பி.ஓ. என்ற நிறுவனத்துக்கு 1786-லிருந்து வயது. நாம் பார்க்கிற கட்டடத்துக்கு 1884-லிருந்து. இரண்டையும் குழப்பிக்கொண்டு "இருநூறு வருடக் கட்டடம்" என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு.

வடக்கே 'டாக்' என்று சொன்னதை இங்கே 'தபால்' என்றார்கள். மதராஸ் அரசின் ஆங்கிலப் பதிவுகளிலேயே அந்தச் சொல்தான் இருக்கும்.

ஏன் கடலைப் பார்த்துக் கட்டினார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி.

மதராஸுக்கு அப்போது துறைமுகமே கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி, ஆழம் உள்ள இடத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களும் சரக்கும் தபால் மூட்டைகளும் மசூலா படகில்தான் கரைக்கு வர வேண்டும். ஆணி அடித்த படகு இந்த அலையில் உடைந்துவிடும் என்பதால் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. கடல் கொந்தளித்து மசூலாவும் போக முடியாத நாளில் கட்டுமரக்காரர் போவார். பாய்போல முடைந்த கூம்புக் குல்லாய் ஒன்று தலையில் இருக்கும். கடிதங்கள் அதற்குள். அலை அவரைக் கவிழ்த்தாலும் குல்லாய்க்குள் இருக்கும் காகிதம் நனையாது. மதராஸ் தபாலின் வரலாற்றில் முதல் மரியாதையை யாருக்குத் தரலாம் என்று கேட்டால், கவர்னர்களுக்கு முன்னால் அந்தக் கட்டுமரக்காரர்களைத்தான் சொல்வேன்.

கடிதம் கடலிலிருந்து வந்தது, அதனால் வியாபார வீடுகள் எல்லாம் கடலைப் பார்த்து வரிசையாக நின்றன. கப்பல் வந்ததா என்று ஜன்னலில் நின்று பார்க்கக்கூடிய தூரம். அந்த வரிசையில் தபால் நிலையமும் வந்து நின்றதில் வியப்பில்லை.

ஆனால் வேலை தொடங்குவதற்கு முன்பே உலகம் மாறத் தொடங்கியிருந்தது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1871-ல் ராய்ச்சூரில் மதராஸ் ரயில் பாதையும் பம்பாய் ரயில் பாதையும் கைகோத்தன. அதன்பின் இங்கிலாந்துத் தபால் பம்பாயில் இறங்கி ரயிலேறி வந்தது. துறைமுகம் 1870-களில் தொடங்கி 1881-ல் முடியும் தறுவாயில் இருந்தபோது, நவம்பரில் அடித்த புயல் அதைச் சிதைத்துப் போட்டது. மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டியதாயிற்று. ஜி.பி.ஓ. கிழக்கே முகம் வைத்துக் கடலுக்காகக் காத்திருந்தது. தபாலோ அதன் முதுகுப்புறமாக, ரயிலில் வந்து சேர்ந்தது. இன்று துறைமுகமும் தண்டவாளமும் நடுவில் வந்துவிட்டதால் வாசலில் நின்றால் அலைச் சத்தம்கூடக் கேட்காது. காலை வெயில் மட்டும் பழையபடி நேராக முகப்பில் விழுகிறது.

கட்டப் பத்து ஆண்டுகள் ஆனது. அந்தப் பத்து ஆண்டில் தபால் துறை அப்படியே இருந்ததா?

இல்லை, தலைகீழாக மாறிவிட்டது. வேலை தொடங்கிய 1874-ல் தபால் நிலையம் என்றால் பெரும்பாலும் கடிதம்தான். 1854-ல் வந்த சட்டம் தூரத்துக்குத் தகுந்த கட்டணத்தை ஒழித்து, நாடு முழுக்க அரையணாவில் ஒரு கடிதம் போகலாம் என்று செய்திருந்தது. அதற்கு முன்னால் கடிதம் வாங்குகிறவர் தலையில்தான் பெரும்பாலும் செலவு விழும். அரையணாவும்கூட எல்லோருக்கும் எளிதல்ல. தபால் நிலையத்துக்கு வந்தவர்கள் அதிகாரிகள், வியாபாரிகள், படித்தவர்கள்.

சாரம் கட்டி வேலை நடந்துகொண்டிருந்தபோதே 1877-ல் வி.பி.பி., அதாவது பொருளை வாங்கும்போது தபால்காரரிடம் பணம் கட்டும் முறை, வந்தது. 1879 ஜூலையில் காலணா கார்டு வந்தது. 1880-ல் மணியார்டர் தபால் துறையின் கைக்கு வந்தது. 1882-ல் தபால் சேமிப்பு வங்கி. கட்டடம் திறந்த 1884-ல் வாசலுக்கு வந்த கூட்டம், சிஷோம் முதல் கோடு போட்டபோது யோசித்த கூட்டமாக இருந்திருக்க முடியாது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர் ஊரில் இருக்கும் மனைவிக்கு ஐந்து ரூபாய் அனுப்ப வந்தார். எழுதத் தெரியாதவர் பக்கத்தில் இருப்பவரைக் கெஞ்சி விலாசம் எழுதி வாங்கினார். காலணா கார்டு அவருக்கும் எட்டியது.

இவ்வளவையும் அந்தக் கட்டடம் தாங்கியது. காரணம் அதன் அடிப்படை அமைப்பு என்பது என் கருத்து. உயரமான விதானம், வெளிச்சம், காற்று, ஆட்கள் நிற்கவும் நகரவும் தாராளமான தரைப் பரப்பு. குறிப்பிட்ட ஒரு வேலைக்காக மட்டும் சின்னச் சின்னத் தடுப்புகளாகக் கட்டியிருந்தால் திறந்த அன்றே போதாமல் போயிருக்கும். கவுன்டர்களை மாற்றிக்கொண்டார்கள், மேசைகளை நகர்த்தினார்கள், பின்னாளில் கம்ப்யூட்டர் வைத்தார்கள். சுவர் எதற்கும் குறுக்கே நிற்கவில்லை.

என் தாத்தா மாதம் ஒரு முறை மணியார்டர் அனுப்ப இங்கே வந்தவர். ஒரு முறை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கூப்பனின் அடிப்பகுதியில், "நலம். நலமறிய ஆவல்" என்று எழுதும் அந்த ஒரு விரற்கடை இடத்துக்காகப் பேனாவை ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். பேனா நூல்கயிற்றில் கட்டியிருந்தது, கயிறு எட்டாததால் குனிந்து எழுதினார். மேசை விளிம்பு முழுக்கக் கோந்து காய்ந்து, கைபட்டுக் கறுத்து, கண்ணாடிபோல வழவழத்துக் கிடந்தது.

எதைக் கொண்டு கட்டினார்கள்?

செங்கல்லும் சுண்ணாம்பும். அந்தக் கால மதராஸில் கட்டட வேலைக்குச் சிமென்ட் வழக்கமில்லை. சுண்ணாம்புக்குக் கிளிஞ்சலைச் சுட்டார்கள். மணலோடு சேர்த்து அரைத்தால் காரை. முட்டை வெள்ளை முதலியவை சேர்த்துப் பலமுறை பூசி, கூழாங்கல்லால் தேய்த்தால் பளிங்குபோல மின்னும். மதராஸ் சுண்ணாம்புப் பூச்சை அந்நாளில் இங்கே வந்த பயணிகள் விடாமல் புகழ்ந்திருக்கிறார்கள்.

அதே காலத்துச் சென்னைக் கட்டடங்களில் தளம் போடும் முறைக்கே 'மெட்ராஸ் டெரஸ்' என்று பெயர். தேக்கு உத்தரங்களை வரிசையாக வைத்து, அவற்றின் மேல் மெல்லிய சின்னச் செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி, மூலைவாக்கில் சாய்த்துக் காரையில் ஒட்டிக்கொண்டே போவார்கள். கீழே பலகை முட்டு வேண்டாம். ஒரு கல் அடுத்த கல்லைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்குவார்கள். தட்டும்போது கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளிப்பார்கள். கடைசியாக மேலே தட்டையான ஓடு பதிப்பார்கள். அந்தத் தளத்துக்குக் கீழே மே மாதத்தில் படுத்துத் தூங்கியவர்களுக்கு கான்கிரீட் வீட்டின் புழுக்கம் சீக்கிரம் பழகாது.

தீப்பிடித்ததே, கட்டடம் அழிந்துவிடவில்லையா?

2000 அக்டோபரில் பெரிய தீ விபத்து நடந்தது. கட்டடத்தின் ஒரு பகுதி மோசமாகச் சேதமடைந்தது. பழைய கட்டடங்களில் தீ பரவுவதற்கு மரமே வழி. உத்தரம், மாடிப்படி, அலமாரி, அவற்றுக்குள் அடுக்கிய காகிதம். தபால் நிலையத்தில் காகிதத்துக்கா பஞ்சம்? ஆனால் தடித்த செங்கல் சுவர் தீயில் எளிதில் சாயாது. இடித்துத் தள்ளாமல் சீரமைத்தார்கள். நம் ஊரில் பழைய கட்டடம் ஒன்று தீப்பிடித்தால் அடுத்த நாளே "இடிக்க வேண்டியதுதான்" என்று பேச்சு கிளம்பும். இது தப்பியதற்காக நாம் நன்றியோடு இருக்க வேண்டும்.

சீரமைக்கும்போது சிமென்ட் பூசினால் என்ன? அது உறுதியானதுதானே?

சிமென்ட் உறுதியானது, அதுவே இங்கே பிரச்சினை. சுண்ணாம்புக் காரை ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும், லேசாக நெளிந்தும் கொடுக்கும். சிமென்ட் பூச்சு ஈரத்தைச் செங்கல்லுக்குள்ளேயே அடைத்துவிடும். ஈரத்தோடு உப்பும் தங்கும். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் காற்றிலேயே உப்பு இருக்கிறது. வெளியேற வழியில்லாத உப்பு செங்கல்லின் மேற்பரப்புக்குக் கீழே படிகமாகி, முகத்தையே தள்ளிக்கொண்டு வரும். ஜார்ஜ் டவுனில் பழைய சுவர்களைப் பாருங்கள். மேலே சிமென்ட் ஒட்டுப் போட்ட இடத்தைச் சுற்றித்தான் செங்கல் பொடிப்பொடியாக உதிரும். விரலால் தொட்டால் சிவப்பு மாவு ஒட்டும். பெயின்ட்டிலும் இதே கதைதான். எண்ணெய்ப் பெயின்ட் செங்கல்லின் மூச்சை அடைக்கும்.

சுண்ணாம்பில் வேலை செய்யத் தெரிந்த கொத்தனார் இன்று அரிது. ஒரு கட்டடத்தைக் காப்பது என்றால் அந்தக் கைவேலை தெரிந்தவருக்கு வேலையும் கூலியும் தொடர்ந்து கிடைக்கும்படி செய்வதும்தான்.

கல்கத்தா, பம்பாய் ஜி.பி.ஓ.க்கள் இதைவிட அழகு என்கிறார்களே?

மூன்றுக்கும் மூன்று மனம். கல்கத்தாவுடையது 1868-ல் முடிந்தது, வால்டர் கிரான்வில் வரைந்தது. வெள்ளை நிறம், வரிசையாகக் கிரேக்கப் பாணித் தூண்கள், 220 அடி உயரக் குமிழ் மாடம். பழைய வில்லியம் கோட்டை இருந்த மண்ணில் நிற்கிறது. பம்பாயுடையது 1913-ல் முடிந்தது, ஜான் பெக் வரைந்தது. பீஜப்பூர் சுல்தானின் கல்லறையான கோல் கும்பஸை மனதில் வைத்துக் கட்டிய மாபெரும் குமிழும் கருங்கல்லும்.

கல்கத்தா தன்னை ஆள்பவர்களின் ஊராகக் காட்டுகிறது. பம்பாய் தக்காணத்துச் சுல்தான்களிடம் கடன் வாங்குகிறது. நம்முடையதில் குமிழே இல்லை, இரண்டு கோபுரமும் சரிந்த கூரையும்தான். உயரத்தில் கல்கத்தாவுக்கு எட்டாது. ஆனால் மூன்றில் ஊருக்கு மிக நெருக்கமானது எது என்றால் என் ஓட்டு மதராஸுக்குத்தான். பிறந்த ஊர்ப் பாசம் கொஞ்சம் சேர்ந்திருக்கும், மறுக்கவில்லை.

அலுவலகத்தை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, இதை மியூசியமாகவோ ஹோட்டலாகவோ ஆக்கினால் நன்றாக இருக்காதா?

சிங்கப்பூரில் அப்படிச் செய்தார்கள். 1928-ல் திறந்த ஃபுல்லர்டன் கட்டடம், பல பத்தாண்டுகள் அந்த ஊரின் ஜி.பி.ஓ., இன்று ஆடம்பர ஹோட்டல். கட்டடத்தை அருமையாக வைத்திருக்கிறார்கள், அதில் குறை இல்லை. ஆனால் காபிக்கு விலை கொடுக்க முடிந்தவர்தான் உள்ளே நிதானமாக உட்கார முடியும். கொழும்பில் 1895-ல் கட்டிய பழைய ஜி.பி.ஓ.விலிருந்து தபால் நிலையம் வேறிடம் போய்விட்டது.

சென்னை ஜி.பி.ஓ.வில் இன்றும் ஒரு ஸ்டாம்ப் வாங்கும் காரணத்தோடு யார் வேண்டுமானாலும் உள்ளே நுழைந்து, நிமிர்ந்து விதானத்தைப் பார்க்கலாம். டிக்கெட் இல்லை, "யாரைப் பார்க்கணும்?" என்ற கேள்வி இல்லை. கோடீஸ்வரருக்குக் கட்டிய கட்டடமல்ல இது. மணியார்டர் அனுப்பியவரின் கட்டடம். ஒரு மூலையில் தபால் காட்சியகம் வைக்கட்டும், வரவேற்பேன். கவுன்டரை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

600001 என்ற பின்கோடு இதற்குத்தானா?

ஆம். 1972 ஆகஸ்ட் 15-ல் பின்கோடு முறை வந்தபோது தமிழ்நாடும் கேரளமும் 6-ல் தொடங்கும் மண்டலமாயின. 600 சென்னை. 001 ஜி.பி.ஓ.

போய்ப் பார்க்க நல்ல நேரம் எது? எதைக் கவனிக்க வேண்டும்?

முகப்பு கிழக்கு நோக்கியது என்பதால் காலை ஏழு, ஏழரைக்கு எதிர்ப்பக்க நடைபாதையில் நில்லுங்கள். கீழ்வெயிலில் செங்கல் ஒவ்வொன்றின் விளிம்பும் தனியாகத் தெரியும், வளைவுகளின் ஆழமும் தெரியும். பத்து மணிக்கு மேல் நிழல் குறுகிச் சுவர் தட்டையாகிவிடும். பஸ்களும் மறைக்கும். படம் எடுப்பதென்றால் வெளியே எடுங்கள். உள்ளே என்றால் அங்கே இருப்பவர்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள், வேலை நடக்கும் இடம் அது.

அலுவலக நாளில் போனால் ஒரு கார்டு வாங்கி உங்கள் விலாசத்தையே எழுதி, "முத்திரை கொஞ்சம் தெளிவாக விழும்படி போடுங்க சார்" என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டபோது அந்த ஊழியர் முத்திரையை மைப்பட்டையில் இரண்டு தரம் ஒற்றி, கார்டைத் தனியாக நிமிர்த்தி வைத்து, ஒரே தட்டில் போட்டார். வட்டம் முழுசாக, தேதியோடு விழுந்தது. மூன்று நாள் கழித்து வீட்டுக்கு வந்தது.